உலகம் முடிந்த பிறகு ஒரு மேடை: அபத்த நாடகத்தைப் படமாக்க ஒரு வழிகாட்டி

மேடையில் ஒரு நடிகர் வெறும் பலகை மேல் நின்று "சுற்றிலும் சாம்பல்" என்றால் போதும். அந்தச் சாம்பலைப் பார்வையாளரே தன் மனத்தில் தூவிக்கொள்வார். கேமரா முன்னால் அதே பலகையில் நின்று அதே வசனத்தைப் பேசினால் தெரிவது பலகைதான். பேரழிவுக்குப் பிந்தைய உலகத்தில் நடக்கும் அபத்த நாடகத்தை (அர்த்தமில்லாத நிலைமையிலும் மனிதர்கள் எதுவுமே நடக்காதது போல நடந்துகொள்வதைக் காட்டும் நாடகவகை) படமாக்க வருகிற புதியவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். மேடை கேட்டு வாங்கிய நம்பிக்கையைக் கேமரா கேட்காது. காட்டியதை மட்டும் நம்பும்.

அதனால் வேலையைத் தொடங்கும்போதே ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். இடம் நூற்றுக்கு நூறு நிஜமாக இருக்கவேண்டும். அபத்தம் மனிதர்கள் நடந்துகொள்வதில் மட்டும் இருக்கவேண்டும். இடத்தையும் கோணல்மாணலாக, வண்ணமயமாக, பொம்மைத்தனமாகச் செய்துவிட்டால் பார்ப்பவருக்குக் கால் ஊன்ற நிலமே இருக்காது. பத்து நிமிடத்தில் சலித்துவிடும்.

இதைப் பாடமாகப் படிக்க ஒரு நல்ல படம் இருக்கிறது: ரிச்சர்ட் லெஸ்டர் 1969-இல் எடுத்த 'தி பெட் சிட்டிங் ரூம்'. ஸ்பைக் மில்லிகனும் ஜான் ஆன்ட்ரோபஸும் எழுதிய நாடகம் அது. 1962-இல் கான்டர்பரியில் ஓரங்கமாக அரங்கேறி, 1963-இல் லண்டன் மெர்மெய்ட் அரங்கில் முழு நாடகமானது. அணு ஆயுதப் போர் 2 நிமிடம் 28 நொடியில் முடிந்துவிட்டது, சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நேரத்தையும் சேர்த்து. மிஞ்சிய சில மனிதர்கள் சேற்றிலும் குப்பையிலும் திரிகிறார்கள். ஒரு பிரபு தான் ஒற்றை வாடகை அறையாக (தலைப்பில் உள்ள 'பெட் சிட்டிங் ரூம்' அதுதான்) மாறிவிடுவோமோ என்று பயந்து வைத்தியரிடம் போகிறார். அப்படியே மாறியும் விடுகிறார். ஒரு தாய் அலமாரியாகிறாள். ஒரு தந்தை கிளியாகிறார். இத்தனைக்கும் நடுவே எல்லாரும் போருக்கு முந்தைய மரியாதை, பதவி, வரிசை, விசாரிப்பு எதையும் விடுவதில்லை.

உரிமை: கையெழுத்தாகும் வரை திரைக்கதையில் கை வைக்காதீர்கள்

நாடகத்தை மேடையேற்ற அனுமதி வாங்கியிருந்தாலும் படமாக்கும் உரிமை அதில் வராது. அது தனி. மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் மூல ஆசிரியரிடம் ஒன்று, மொழிபெயர்த்தவரிடம் ஒன்று என இரண்டு ஒப்பந்தம் வேண்டும். இருவர் சேர்ந்து எழுதிய நாடகம் என்றால் இருவரும், ஒருவர் இறந்திருந்தால் அவர் வாரிசுகளும், கையெழுத்திட வேண்டும்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. பிரிட்டனில் 70 ஆண்டுகள். அபத்த நாடகங்களுக்குப் பேர்போன அயர்லாந்து எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட் 1989 டிசம்பரில் இறந்தார். அவர் வாழ்நாளில் வெளிவந்த நாடகங்கள் இந்தியாவில் 2049 முடியும் வரை காப்பில் இருக்கும், பிரிட்டனில் 2059 வரை. உங்கள் படம் லண்டன் திரைவிழாவுக்குப் போகவேண்டும் என்றால் பின்னதுதான் கணக்கு.

ஒப்பந்தத்தில் புதியவர்கள் விட்டுவிடும் மூன்று வரிகள் உண்டு. காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகும். முதல் படம் எடுப்பவருக்குப் பணம் திரட்டவே ஓராண்டு ஓடிவிடும் என்பதால் மூன்றாவது வரிதான் ஆளைக் கவிழ்க்கும். 'உலகம் முழுதும், எல்லா ஊடகங்களிலும், இத்தனை ஆண்டுகளுக்கு, ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் செல்லும்' என்று எழுத்தில் வாங்குங்கள். மொத்தத் தொகையையும் முன்கூட்டியே கொடுக்க முடியாவிட்டால், சிறு தொகைக்கு, உரிமையை வேறு யாருக்கும் விற்காமல் வைத்திருக்கும் 12 மாத முன்னுரிமையும் இன்னொரு 12 மாதம் நீட்டிக்கும் வாய்ப்பும் கேளுங்கள்.

எவ்வளவு மாற்றலாம் என்பதையும் இப்போதே பேசிவிடவேண்டும். பெக்கெட்டின் 'எண்ட்கேம்' நாடகத்தை 1984-இல் அமெரிக்காவில் கைவிடப்பட்ட சுரங்க ரயில் பாதையில் நடப்பதாக அமைத்தபோது அவர் கடுமையாக எதிர்த்தார். தன் மேடைக் குறிப்புகளை மீறியதை ஏற்கமுடியாது என்று அவர் எழுதியதை நிகழ்ச்சிக் கையேட்டிலேயே சேர்க்கவேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட நாடகத்தை எடுத்துக்கொண்டு லொகேஷன் தேடிப் போவது வீண்.

உள்ளேயா, வெளியேயா?

இரண்டு வழிதான் இருக்கிறது. அறைக்குள்ளேயே இருப்பது, அல்லது அறையை உடைத்து வெளியே போவது.

'எண்ட்கேம்' உள்ளேயே இருக்கவேண்டிய நாடகம். ஓர் அறை, இரண்டு சிறிய சன்னல், எழுந்து நிற்க முடியாத ஒருவன், உட்கார முடியாத ஒருவன், குப்பைத் தொட்டிகளில் வயதான பெற்றோர். வெளியே என்ன மிச்சம் என்பதைச் சன்னலில் எட்டிப் பார்ப்பவன் சொல்லித்தான் நாம் அறிகிறோம். வெளியைக் காட்டினால் நாடகமே போய்விடும். பெக்கெட்டின் 19 மேடை நாடகங்களைப் படமாக்கிய தொடருக்காக கானர் மக்ஃபெர்சன் 2000-இல் இதை இயக்கியபோதும் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

மில்லிகன்–ஆன்ட்ரோபஸ் நாடகம் அப்படியில்லை. ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் வந்து ஒரு கூத்துக் காட்டிப் போகும் அமைப்பு. அதை வெளியே கொண்டுபோகலாம், லெஸ்டர் கொண்டுபோனார்.

உங்கள் நாடகம் எந்த வகை என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. அதில் வரும் பாத்திரங்கள் வெளியேற *முடியாமல்* இருக்கிறார்களா, அல்லது மேடை சிறியதாக இருப்பதால் அங்கே இருக்கிறார்களா? முடியாமல் என்றால் அறையை விடாதீர்கள். இடமில்லாமல் என்றால் தாராளமாகக் கிளம்புங்கள்.

நான்கு நிறப் பென்சில்

நாடகத்தை ஒருமுறை நிறுத்துக் கடிகாரம் வைத்து உரக்கப் படிக்கச் செய்யுங்கள், நடிகர்களைக் கொண்டு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து. காட்சிக்குக் காட்சி நேரத்தைக் குறியுங்கள். பிறகு பிரதியில் நான்கு நிறத்தில் கோடிடுங்கள்.

சிவப்பு: கண்ணால் காட்டக்கூடியதை வாயால் சொல்லும் வரிகள். "வெளியே ஒரு மரம்கூட இல்லை" போன்றவை. இவை எல்லாம் போகும்.

நீலம்: சொல்லிலேயே உயிர் இருக்கிற வரிகள். சிலேடை, அலுவலக நடை, மரியாதைச் சொற்கள். இவற்றைத் தொடாதீர்கள்.

பச்சை: மேடையில் சிரிப்புக்காக நடிகர் நிறுத்தும் இடங்கள்.

கறுப்பு: மேடைக்கு வெளியே நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்வுகள். படத்துக்குப் புதிய காட்சி எங்கிருந்து வரும் என்று தேடுகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இந்தக் கறுப்புக் கோடுகளைத்தான். நாமாக இட்டுக்கட்டுவதைவிட நாடகமே ஒளித்துவைத்திருப்பது பத்து மடங்கு நன்றாக இருக்கும்.

இரண்டு மணி நேர நாடகம் 90 நிமிடப் படமாகும்போது வசனத்தில் ஏறக்குறைய பாதி போகும். போகவில்லை என்றால் சிவப்புக் கோடுகளில் இரக்கம் காட்டிவிட்டீர்கள் என்று பொருள்.

நடிகர்கள் மேடையில் சொந்தமாகச் சேர்த்துப் பேசிப் பழகிய வரிகள் அச்சுப் பிரதியில் இருக்காது. அவற்றைப் படத்தில் பயன்படுத்துவதானால் யாருடைய வரி என்பதை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஒரே ஒரு விதி

அபத்தத்துக்குக் கட்டாயம் ஒரு விதி வேண்டும். எதுவும் நடக்கலாம் என்றால் எது நடந்தாலும் ஒன்றுதான். யாரும் சிரிக்கவும் மாட்டார்கள், பயப்படவும் மாட்டார்கள். லெஸ்டர் படத்தின் விதியை ஒரே வரியில் சொல்லலாம்: மனிதர்கள் பொருளாக மாறலாம், ஆனால் யாரும் தங்கள் பதவியை விடமாட்டார்கள். மின்சாரத்துக்குப் பொறுப்பானவர் மிதிவண்டியை மிதித்தே சுரங்க ரயிலை ஓட்டுகிறார். அரச வம்சம் முழுதும் அழிந்துவிட்டதால் வாரிசுரிமை லெய்டன்ஸ்டோன் பகுதியில் வசித்த எதல் ஷ்ரோக் என்ற சாதாரணப் பெண்மணிக்கு வந்துசேர, வாழ்த்துப்பாடலில் அவர் பெயர் ஏறிவிடுகிறது. பி.பி.சி. செய்தியாளர், உள்ளே ஒன்றும் இல்லாத தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னால் தலையை நீட்டிக் கடைசிச் செய்தியை வாசிக்கிறார். திரையில் தெரியும் மேல்பாதிக்கு மட்டும் ஒழுங்கான கோட்டு, கீழே கந்தல்.

உங்கள் விதியை ஒரு வரியில் எழுதி, ஆர்ட் டைரக்டர், உடை, ஒலி, எடிட்டிங் ஆகிய நான்கு மேசையிலும் ஒட்டுங்கள். படத்தின் முதல் 12 நிமிடத்துக்குள் அது மூன்று முறையாவது செயலில் நடந்துவிடவேண்டும். யாரும் அதை விளக்கிப் பேசக்கூடாது.

இடம்

லெஸ்டர் குழு இடிபாடுகளைப் பெரிதாகச் செயற்கையாகச் செய்யவில்லை. சர்ரேயின் சாபம் காமன் (Chobham Common) திறந்தவெளி, ஸ்டோக் பகுதியில் பீங்கான் ஆலைகள் கழித்துக்கட்டிய தட்டுகள் மலையாகக் குவிந்த இடம் என்று ஏற்கெனவே பாழ்பட்டுக் கிடந்த இடங்களைத் தேடிப்போய் எடுத்தார்கள். உடைந்த தட்டுகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடக்கும் நிலத்தை எந்த ஆர்ட் டைரக்டரும் தயாரிப்புச் செலவுக்குள் கட்டித்தர முடியாது.

தேடும்போது 'ஒரே பொருள், அளவுக்கு மீறிய எண்ணிக்கை' என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கலவையான குப்பைமேடு திரையில் வெறும் குப்பைமேடாகத்தான் தெரியும். ஒரே வகைப் பொருள் ஆயிரக்கணக்கில் கிடந்தால், ஒரு காலத்தில் ஒழுங்கான ஊர் இருந்தது என்பது உடனே புரியும். உடைந்த ஓடு, கழித்த செங்கல், பழைய டயர், வெட்டிப் போட்ட கிரானைட் துண்டு, மூடிய நூற்பாலையில் நூல் சுற்றும் மரக் கண்டுகள் எதுவானாலும் சரி.

எல்லாருக்கும் தெரிந்த இடிபாட்டைத் தவிருங்கள். தனுஷ்கோடித் தேவாலயச் சுவரைக் காட்டினால் தமிழ்ப் பார்வையாளருக்கு உங்கள் கற்பனைப் போர் நினைவுக்கு வராது; 1964 டிசம்பர் புயல்தான் வரும். அது நிஜமான மனிதர்களின் துயரம். அதன் மேல் வேறு கதையை ஏற்றுவது அவர்களுக்கும் நியாயமில்லை, படத்துக்கும் நல்லதில்லை.

கல்குவாரியில் எடுப்பதானால் குத்தகைக்காரரிடம் எழுத்து அனுமதி, பக்கத்துக் குவாரிகளில் வெடி வைக்கும் நேரம் இரண்டும் கையில் இருக்கவேண்டும். விளிம்பிலிருந்து 3 மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுங்கள். நீர் தேங்கிய குழியில் யாரையும் இறக்காதீர்கள். பாறை செங்குத்தாக இறங்கும், பிடிக்க எதுவும் இருக்காது. கல்தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் ஷாட் இல்லாத நேரம் முழுதும் எல்லாரும் என்95 முகக்கவசம் அணிந்திருக்கவேண்டும். அனல் மின்நிலையச் சாம்பல் குளங்கள் அழகாகத் தெரியும். அங்கே போகாதீர்கள். மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் அடியில் கூழாக இருக்கும், ஆளை இழுத்துவிடும். அந்தச் சாம்பலிலும் கன உலோகங்கள் உண்டு.

தூசி வேண்டுமானால் முல்தானி மட்டி வாங்குங்கள். 10 பேர் நடக்கும் ஒரு காட்சிக்கு 8 முதல் 10 கிலோ. சலித்து, பழைய காட்டன் சாக்ஸில் அடைத்துத் தட்டினால் உடையிலும் முடியிலும் ஒரே சீராகப் படியும். சிமென்ட்டைத் தொடவே கூடாது: வியர்வை பட்டால் தோலை அரிக்கும். மைதா மலிவுதான், ஆனால் மாவுத்தூள் காற்றில் பறக்கும்போது அருகில் தீ இருந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும்.

உடை

கிழித்தால் பழையதாகிவிடும் என்று நினைப்பது பெரிய தவறு. கத்தரியால் கிழித்த துணி கத்தரியால் கிழித்த துணியாகத்தான் தெரியும். துணி நைவது முழங்கை, முழங்கால், காலர் மடிப்பு, சட்டைப்பை வாய், பேண்ட்டின் கீழ்விளிம்பு ஆகிய ஐந்து இடங்களில்தான். அங்கே மட்டும் தேங்காய்த் துருவியாலோ 80 எண் உப்புத்தாளாலோ தேயுங்கள். பிறகு ஒரு லிட்டர் கொதிநீருக்கு 40 கிராம் டீத்தூள், ஒரு தேக்கரண்டி உப்பு என்ற அளவில் டிகாக்ஷன் வைத்து, வடிகட்டி, அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். பருத்தி நன்றாகப் பிடிக்கும். பாலியெஸ்டர் பிடிக்கவே பிடிக்காது, அதனால் வாங்கும்போதே துணியைப் பாருங்கள்.

ஒவ்வொரு முக்கிய உடையும் மூன்று பிரதி: ஒன்று காய்ந்தது, ஒன்று சேறு பட்டது, ஒன்று அவசரத்துக்கு. மூன்றையும் ஒரே நாளில் சேர்த்துச் சாயமேற்றாவிட்டால் நிறம் ஒத்துவராது. கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருளும் ஒத்துப்போகிறதா என்று) பார்க்கும் அசிஸ்டென்ட் அழுதுவிடுவார்.

பாத்திரம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பதவியின் அடையாளம் எதுவோ, பேட்ஜோ பேனாவோ டையோ, அது மட்டும் சுத்தமாக இருக்கட்டும். எல்லாம் கந்தலாகி டை மட்டும் இஸ்திரி போட்டிருந்தால், அந்த மனிதர் காலையில் எழுந்ததும் என்ன செய்திருப்பார் என்று பார்ப்பவர் தானாக யோசிப்பார். ஒரு பக்க வசனம் மிச்சம்.

நடிப்பு

வேடிக்கையாக நடிக்கவே கூடாது. மேடை நடிகர்களுக்கு இது கஷ்டம். 300 பேருக்குக் கேட்கவேண்டும் என்று பழகிய குரலும் கையும் அவர்களுக்கு. ஒத்திகையில் முதல் மூன்று நாள் வசனம் முழுவதையும் தாலுகா அலுவலகத்தில் சான்றிதழ் கேட்டு வந்தவரும் எழுத்தரும் பேசுகிற தொனியில் பேசவிடுங்கள். குரல் தணியும், கை அடங்கும், வசனத்தின் அபத்தம் தானாக மேலே வரும். ரால்ஃப் ரிச்சர்ட்சன் போன்ற ஷேக்ஸ்பியர் நடிகரை லெஸ்டர் அந்தப் பிரபு வேடத்துக்குப் போட்டதன் பலன் இதுதான். அறையாக மாறுவதை அவர் ஒரு கனவானின் உடல்நலக் குறைவாகவே எடுத்துக்கொள்கிறார்.

ஷாட் ஓடும்போது குழுவில் யாரும் சிரிக்கக்கூடாது என்பதைச் சட்டமாக்குங்கள். ஒலி கெடும் என்பது சின்னக் காரணம். ஒருமுறை சிரிப்பு கேட்டுவிட்ட நடிகர் அடுத்த டேக்கில் அந்தச் சிரிப்பைத் தேடிப் போவார். அதன் பிறகு அந்தக் காட்சி திரும்பக் கிடைக்காது.

அலமாரியாக மாறியவரோடு பேசுவது

கிராஃபிக்ஸ் தேவையில்லை. வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஒருவர் பொருளாக மாறும் தருணத்தைக் காட்டாமல், மாறிய பின்னால் மற்றவர்கள் அதை ஏற்றுக்கொள்வதைக் காட்டினால் போதும். செய்முறை இப்படி:

1. பொருளாக மாறும் நடிகரின் வசனத்தைப் படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்பே அமைதியான அறையில் பதிவுசெய்யுங்கள்.
2. அலமாரிக்குள் சிறிய ஸ்பீக்கர் வைத்து, செட்டில் அந்தக் குரலை ஓடவிடுங்கள். வயர் உள்ள ஸ்பீக்கராக இருக்கட்டும்; புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வந்து எதிர் நடிகரின் தாளத்தைக் கெடுக்கும்.
3. எதிர் நடிகர் பார்க்கவேண்டிய புள்ளி ஒன்றே ஒன்று: கைப்பிடி, அல்லது சாவித் துவாரம். அதைக் கடைசிவரை மாற்றாதீர்கள். ஐந்து நிமிடத்தில் பார்வையாளர் அந்தக் கைப்பிடியை முகமாக ஏற்றுக்கொள்வார்.
4. பிற்பாடு, பதிவான குரலை அதே அலமாரிக்குள் முழு ஒலியில் ஓடவிட்டு, வெளியே ஒரு மீட்டர் தூரத்தில் மைக் வைத்து மறுபதிவு செய்யுங்கள். மரத்தின் அதிர்வு குரலில் ஏறும். கணினி எஃபெக்ட்டில் இது வராது.

கேமரா

பாதம் தெரியட்டும். பாதிப்பேர் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் மரியாதையாக நிற்பதுதான் இவ்வகைப் படத்தின் சாரம்; இடுப்புக்கு மேல் வெட்டினால் அது போய்விடும். சூப்பர் 35 சென்சாரில் (திரைப்படக் கேமராக்களில் வழக்கமான ஓர் அளவு) 24 முதல் 35 மி.மீ. லென்ஸ் பெரும்பாலான காட்சிகளுக்குச் சரி. க்ளோஸப்பை வலிக்கிற இடத்துக்குச் சேமித்துவைத்துக்கொள்ளுங்கள். சிரிப்பு வசனத்துக்குப் பின் கேட்பவர் முகத்துக்கு வெட்டுவது தொலைக்காட்சிப் பழக்கம். 'இங்கே சிரியுங்கள்' என்று சொல்வதற்குச் சமம்.

நம் ஊர் உச்சி வெயில் பேரழிவுக்கு ஒத்துவராது. வெளிக்காட்சிகளைக் காலை 6 முதல் 9:30, மாலை 3:30 முதல் 6 என்று பிரித்து, நடுப்பகலில் பதுங்குகுழி, வண்டி உள்பகுதி போன்றவற்றை எடுங்கள். ஒரு நாளைக்குத் திரைக்கதையில் 4 பக்கம் (ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம்), மொத்தம் 25 நாள் என்று திட்டமிட்டால் மழைக்கும் இரண்டு நாள் மிஞ்சும்.

ஒலி

உலகம் அழிந்துவிட்டது, ஆனால் காகம் கரைகிறது, தூரத்தில் லாரி ஹார்ன் அடிக்கிறது. இந்த இரண்டும் இல்லாத லொகேஷன் தமிழ்நாட்டில் கிடைக்காது. அதனால் டப்பிங் என்று முதல் நாளே முடிவுசெய்து, செட் ஒலியை வழிகாட்டியாக மட்டும் பதிவுசெய்யுங்கள். ஆனாலும் ஒவ்வொரு இடத்திலும் 60 நொடி வெறும் காற்றையும், அந்தந்தத் தரையில் நடக்கும் காலடியையும் தனியாக எடுத்துவையுங்கள். உடைந்த ஓட்டின் மேல் நடக்கும் சத்தத்தை ஸ்டூடியோவில் செய்வது பாடு. ஜெனரேட்டர் குறைந்தது 80 மீட்டர் தள்ளி, ஏதாவது ஒரு மேட்டுக்குப் பின்னால் இருக்கவேண்டும்.

ஒலிக் கலவையில் எதையும் நிரப்பாதீர்கள். பறவை, பூச்சி, போக்குவரத்து மூன்றும் இல்லாத ஓசைவெளியே பேரழிவை ஒரு பைசா செலவில்லாமல் சொல்லிவிடும். பின்னணி இசையை அங்கே கொட்டினால் அது வீணாகும்.

எடிட்டிங்கில் பச்சைக் கோடுகள்

மேடையில் சிரிப்புக்காக நிறுத்திய மூன்று நான்கு நொடி, திரையில் பள்ளமாகத் தெரியும். மொத்தமாக மூடினால் அரங்கில் எழும் சிரிப்பு அடுத்த வசனத்தை விழுங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு: அந்த இடத்தில் இரண்டு நொடிக்கு ஓசையில்லாத சின்னச் செயலை வையுங்கள். டையைச் சரிசெய்வது, அலமாரிக் கதவை மரியாதையாகச் சாத்துவது. சிரிக்காத அரங்கில் அது செயலாக நிற்கும், சிரிக்கும் அரங்கில் சிரிப்புக்கு இடம் கொடுக்கும். இவற்றைப் படப்பிடிப்பிலேயே எடுத்திருக்கவேண்டும். அதனால் பச்சைக் கோடுகளை ஷாட் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள்.

முதல் கட் தயாரானதும் நாடகத்தைப் பார்க்காத 20 பேரைக் கூட்டி ஒன்றாக உட்காரவைத்துக் காட்டுங்கள். தனித்தனியே இணைப்பு அனுப்புவது பயன்படாது. அறையின் பின்புறம் ஒரு ரெக்கார்டரை ஓடவிட்டு, சிரிப்பும் நாற்காலி கிரீச்சிடும் சத்தமும் எந்த நிமிடத்தில் வருகின்றன என்று பிறகு கட்டோடு பொருத்திப் பாருங்கள். 40-ஆவது நிமிடத்தை ஒட்டி நாற்காலிச் சத்தம் கூடினால், பெரும்பாலும் அதற்குப் பத்து நிமிடம் முன்னால் விதி மீறப்பட்டிருக்கும் அல்லது புதிய பாத்திரம் ஒன்று விதிக்கு வெளியே வந்து நின்றிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் தேடுங்கள். முடிந்ததும் மூன்றே கேள்வி கேளுங்கள்: அங்கே என்ன நடந்துவிட்டது, யாருக்காகக் கவலைப்பட்டீர்கள், எந்த இடம் பொய்யாகத் தெரிந்தது? மூன்றாவது கேள்விக்கு ஒரு லொகேஷனின் பெயர் பதிலாக வந்தால், அந்தக் காட்சியை மறுபடி எடுக்க இரண்டு நாள் பணம் ஒதுக்கி வைத்திருக்கவேண்டும்.